குடையும் நல்ல பெயரும்: ஜப்பான் முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

1951 செப்டம்பர் 8 காலையில் சான் பிரான்சிஸ்கோ ஆப்பெரா ஹவுஸில் 48 நாடுகள் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏகப்பட்ட கேமராக்கள், கைதட்டல்கள். அன்று மாலையே ஜப்பானியப் பிரதமர் ஷிகெரு யோஷிதா அதே நகரத்தில் இருந்த பிரிசிடியோ ராணுவ முகாமுக்குப் போய் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கப் படைகள் ஜப்பானிலேயே தங்குவதற்கான பாதுகாப்பு ஒப்பந்தம் அது. காலையில் அவரோடு கையெழுத்திட்ட தூதுக்குழுவினர் யாரும் மாலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஜப்பான் தரப்பில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. நாளைக்குப் பழி வந்தால் தன்னோடு போகட்டும் என்பது அவர் கணக்கு.

ஜப்பானின் வெளியுறவு இன்று வரைக்கும் இந்தக் காலைக்கும் மாலைக்கும் நடுவில்தான் ஓடுகிறது. மாலையில் கிடைத்தது அமெரிக்கக் குடை. காலையில் தொடங்கியது, ஆசியாவில் நல்ல பெயரை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கும் வேலை. குடை இரவல்தான். பெயர் சொந்தமாகச் சம்பாதித்தது. டோக்கியோ எந்த வழியில் போனாலும், இந்த இரண்டும் என்ன ஆகின்றன என்று பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், கணக்கு பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஜப்பானில் இருக்கும் அமெரிக்கத் தளங்களின் செலவில் ஜப்பான் எவ்வளவு ஏற்பது என்பதற்குத் தனியாக ஒரு உடன்பாடு உண்டு. இப்போதைய உடன்பாடு 2022 ஏப்ரலில் தொடங்கி 2027 மார்ச்சோடு முடிகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் கோடி யென்னுக்குச் சற்று மேல். டிரம்ப்போ, நாங்கள் அவர்களைக் காப்பாற்ற வேண்டும், அவர்கள் எங்களைக் காப்பாற்றத் தேவையில்லை, இது என்ன ஒப்பந்தம் என்று பல ஆண்டுகளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார். 1960இல் திருத்தி எழுதிய ஒப்பந்தத்தின் 10ஆவது பிரிவின்படி, 1970க்குப் பிறகு எந்தத் தரப்பும் ஒரு அறிவிப்புக் கொடுத்தால் போதும், ஓராண்டில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் யாரும் அந்த அறிவிப்பைக் கொடுக்கவில்லை.

டிரம்ப் சொல்வது பாதி உண்மைதான். 5ஆவது பிரிவின்படி, ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள நிலப்பரப்பு தாக்கப்பட்டால் இருவரும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டும். அமெரிக்க மண் தாக்கப்பட்டால் ஜப்பான் வர வேண்டும் என்று எங்கும் இல்லை. மீதிப் பாதி 6ஆவது பிரிவில் இருக்கிறது. ஜப்பானைக் காக்க மட்டுமல்ல, 'தூரக் கிழக்கின்' அமைதிக்காகவும் அமெரிக்கா ஜப்பானியத் தளங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏழாவது கப்பற்படையும் விமானந்தாங்கிக் கப்பலும் யோகோசுகாவில். கிழக்கு ஆசியாவிலேயே பெரிய அமெரிக்க விமானத் தளம் ஒகினாவாவின் கடேனாவில். மொத்தம் சுமார் 54,000 அமெரிக்கப் படையினர். இந்த இடங்கள் இல்லாவிட்டால் மேற்குப் பசிபிக்கில் அமெரிக்காவுக்குக் கால் வைக்கவே இடம் தேட வேண்டிவரும். ஆகவே ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை இது. கொடுப்பது வேறு வேறு பொருள், அவ்வளவுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, அமெரிக்காவோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்வது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் டோக்கியோ பெரும்பாலும் இதைத்தான் செய்திருக்கிறது. நேச நாடு தாக்கப்பட்டால் குறிப்பிட்ட சூழ்நிலையில் ஜப்பானும் போரிடலாம் என்று 2014இல் ஷின்சோ அபேயின் அமைச்சரவை, போரைத் துறந்த அரசியலமைப்புக்குப் புது விளக்கம் கொடுத்தது. 2015இல் அது சட்டமானது. 2022 டிசம்பரில் வந்த பாதுகாப்பு ஆவணங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு 43 லட்சம் கோடி யென் என்றும், மொத்த உற்பத்தியில் 2 சதவீதம் என்றும் இலக்கு வைத்தன. எதிரியின் ஏவுதளத்தைத் திருப்பித் தாக்கும் திறன் வேண்டும் என்று 400 டொமஹாக் ஏவுகணைகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2025 மார்ச்சில் முப்படைகளுக்கும் ஒரே கூட்டுத் தலைமையகம் அமைந்தது.

இதில் கிடைக்கும் லாபத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வட கொரியா, சீனா, ரஷ்யா ஆகிய மூன்று அணுஆயுத நாடுகளை அண்டையில் வைத்துக்கொண்டு, சொந்த அணுகுண்டு இல்லாமல் ஜப்பான் தூங்குகிறது என்றால் அது அமெரிக்கக் குடையால்தான். சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்கும் 5ஆவது பிரிவு பொருந்தும் என்று 2014இல் ஒபாமா டோக்கியோவிலேயே சொன்னார். அதற்கு இணையான உறுதியை வேறு யாரும் ஜப்பானுக்குத் தர முடியாது.

ஆனால் இரவல் குடை பிடிப்பவருக்கு இரண்டு பயம் எப்போதும் இருக்கும். ஒன்று, மழை பெய்யும்போது குடைக்காரர் கைவிட்டுவிடுவாரோ என்பது. இன்னொன்று, அவர் போகும் சண்டைக்கெல்லாம் நம்மையும் இழுத்துக்கொண்டு போவாரோ என்பது. முதல் பயத்துக்கு 1971ஐப் பார்த்தால் போதும். நிக்சன் சீனாவுக்குப் போகப் போகிறார் என்ற செய்தி, உலகத்துக்கு அறிவிக்கப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் பிரதமர் சாட்டோவுக்குத் தெரிந்தது. சீனா விஷயத்தில் வாஷிங்டனுக்காக ஆண்டுக்கணக்கில் விசுவாசமாக நின்றவர் அவர். 2025இலும் பாருங்கள்: நெருங்கிய நேச நாடு என்பதால் வரி விலக்குக் கிடைத்துவிடவில்லை. 55,000 கோடி டாலர் முதலீட்டுக்கு உறுதி கொடுத்துத்தான் வரியை 15 சதவீதத்தில் நிறுத்த முடிந்தது.

இரண்டாவது பயத்துக்கு ஒகினாவாவிலிருந்து மேற்கே போக வேண்டும். யோனகுனி தீவிலிருந்து தைவான் சுமார் 110 கிலோமீட்டர். தைவானுக்காக அமெரிக்கா கடேனாவிலிருந்து விமானம் கிளப்பினால், ஜப்பான் போரில் இருக்கிறதா இல்லையா என்பதை டோக்கியோ முடிவு செய்வதற்குள் பெய்ஜிங் முடிவு செய்துவிடும். இப்படிப்பட்ட போருக்குத் தளங்களைப் பயன்படுத்துவதானால் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்று 1960இலேயே குறிப்புப் பரிமாறிக்கொண்டார்கள். அப்படி ஒரு கலந்துபேச்சு இதுவரை ஒருமுறைகூட முறையாக நடக்கவில்லை. வியட்நாம் போர்க் காலத்திலும்கூட!

வளைகுடாப் போரில் பட்டதை இன்னும் நினைவில் வைத்திருக்கும் ஜப்பானிய அதிகாரிகள் உண்டு. 1,300 கோடி டாலர் கொடுத்தார்கள், படை அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியிட்ட நன்றி விளம்பரத்தில் முப்பது நாடுகளின் பெயர் இருந்தது, ஜப்பானின் பெயர் இல்லை. மொய் எழுதிவிட்டுப் பந்தியில் இடம் கிடைக்காமல் நின்ற கதை. 'பணம் மட்டும் போதாது, ஆளும் போக வேண்டும்' என்ற முதல் வழியின் வாதத்துக்கு அந்த விளம்பரம்தான் உரம்.

இரண்டாவது வழி, சொந்தக் காலில் நிற்பது. கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்க அரசியல் ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் புரண்டு படுக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு தலைதூக்கும். நேர்மையாகப் பேசினால் இதன் மறுபெயர் அணுகுண்டு. மூன்று அணுஆயுத நாடுகளுக்கு எதிரே குடையில்லாமல் நிற்பவருக்கு வேறு பொருள் கிடையாது. ஜப்பானிடம் சுமார் 44 டன் புளுடோனியம் இருக்கிறது, பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும் வைக்கப்பட்டிருக்கிறது. தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லை. ஆனால் வைத்திருக்கமாட்டோம், தயாரிக்கமாட்டோம், நாட்டுக்குள் விடமாட்டோம் என்ற மூன்று கொள்கைகளை 1967இல் அறிவித்த நாடு அது. அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருந்து வெளியேறினால் அணு எரிபொருள் வரத்து சிக்கலாகும், தென் கொரியாவும் அதே பாதையில் கிளம்பும், ஹிரோஷிமாவின் நாடு என்ற தார்மீக உரிமை ஒரே நாளில் போய்விடும். குண்டை விடுங்கள், ஆளுக்கு எங்கே போவது? 2023 நிதியாண்டில் ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படைக்குத் திட்டமிட்டதில் பாதிப் பேரைத்தான் சேர்க்க முடிந்தது. இளைஞர் தொகை சுருங்கும் நாட்டில் இது மேலும் கஷ்டம்தான். குடையையும் வீசி, பெயரையும் கெடுக்கும் வழி இது ஒன்றுதான் என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது, சீனாவோடு சமரசமாகப் போய், இரு பெரியவர்களுக்கும் நடுவில் நிற்பது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கின் வழி என்று இதைக் கேலி செய்யலாம். எனக்கு அந்தக் கேலியில் முழுச் சம்மதம் இல்லை. ஜப்பானின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி சீனா. நிக்சன் அதிர்ச்சிக்கு அடுத்த ஆண்டே, 1972 செப்டம்பரில், ககுவெய் தனாகா பெய்ஜிங்குக்குப் போய் உறவை முறைப்படுத்திவிட்டு வந்தார். அமெரிக்கா முறையான உறவுக்கு வர 1979 ஆனது. கூட்டணிக்குள் இருந்துகொண்டே ஜப்பான் தன் போக்கில் நடந்த நாட்களும் உண்டு என்பதற்குச் சாட்சி இது.

ஆனால் அதே வழியில் முழுமூச்சாக இறங்கியவர் அனுபவம் வேறு. 2009இல் ஆட்சிக்கு வந்த யுகியோ ஹதோயாமா, கிழக்கு ஆசிய சமூகம் என்று பேசினார். ஒகினாவாவின் ஃபுடென்மா தளத்தைக் குறைந்தது மாகாணத்துக்கு வெளியிலாவது கொண்டுபோவோம் என்றார். வாஷிங்டன் இறங்கிவரவில்லை, வேறு எந்த மாகாணமும் தளத்தை ஏற்க முன்வரவில்லை, 2010 ஜூனில் பதவியை விட்டுப் போனார். பெய்ஜிங் அவருக்காக எதையும் விட்டுக்கொடுத்ததாகவும் தெரியவில்லை. மூன்றே மாதத்தில் சென்காகு அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் கேப்டன் கைதானார், சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வர வேண்டிய அரிய மண் தனிமங்கள் துறைமுகத்தில் நின்றுபோயின.

2025 நவம்பரில் மறுபடியும் அதே காட்சி. தைவான் மீது கடல் முற்றுகை வந்தால் அது ஜப்பானின் இருப்புக்கே ஆபத்தான சூழலாகலாம் என்று பிரதமர் சனாயே தகாய்ச்சி நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். சீனா தன் மக்களை ஜப்பானுக்குச் சுற்றுலா போகவேண்டாம் என்றது, ஜப்பானியக் கடலுணவைத் திரும்பவும் நிறுத்தியது. அமெரிக்கத் தூதர் டோக்கியோவுக்காக வெளிப்படையாகப் பேசினார், அதிபரோ அளந்துதான் பேசினார். இந்த ஒரே சம்பவத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. சீனாவின் நட்பை நம்பி நாட்டை நடத்த முடியாது. சீனாவோடு பேசும் வாசல் திறந்திருக்காவிட்டால், நாடாளுமன்றத்தில் சொல்லும் ஒரு பதில்கூட மீன் சந்தை வரை போய் அடிக்கும். ஆகவே இதை ஒரு தனி வழியாக நான் எண்ணவில்லை. எந்த வழியில் போனாலும் கூடவே செய்தாக வேண்டிய வேலை இது.

நான்காவது வழிதான் எனக்குச் சுவையானது. அமெரிக்காவை விடாமல், அக்கம்பக்கத்தாரோடு தனித்தனியாக முடிச்சுப் போட்டு ஒரு வலையாக்குவது. போருக்குப் பின் ஆசியாவில் அமெரிக்கா அமைத்த ஏற்பாடு சைக்கிள் சக்கரம் போன்றது. நடுவில் வாஷிங்டன், சுற்றிலும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா என்று கம்பிகள். கம்பிக்கும் கம்பிக்கும் தொடர்பில்லை. ஜப்பான் இப்போது அந்தக் கம்பிகளைக் குறுக்கே கட்டிக்கொண்டிருக்கிறது.

இதன் தொடக்கத்தில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. 2004 டிசம்பரில் சுனாமி நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கிழக்கையும் அச்சேயையும் வாரிக்கொண்டு போனபோது, நிவாரணத்தை ஒருங்கிணைக்க இந்தியா, ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா நான்கும் ஒரு குழுவாயின. சில வாரங்களில் கலைந்த அந்தக் குழுதான் பின்னாளில் குவாட் ஆனது. 2007 ஆகஸ்டில் அபே இந்திய நாடாளுமன்றத்தில் நின்று, இரு பெருங்கடல்களும் சங்கமிப்பதைப் பற்றிப் பேசினார். 'இந்தோ-பசிபிக்' என்று இன்று வாஷிங்டன் சொல்லும்போது, அது டோக்கியோ வழியாக வந்த சிந்தனை.

அப்புறம் முடிச்சுகள் வேகமாக விழுந்தன. படைகள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்ப் பயிற்சி செய்ய வசதியாக ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிலிப்பைன்ஸ் ஆகியவற்றோடு உடன்பாடுகள். பிரிட்டன், இத்தாலியோடு சேர்ந்து 2035க்குள் புதுப் போர்விமானம். 2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா தன் கடற்படைக்கு ஜப்பானின் மொகாமி வகைப் போர்க்கப்பலைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் அமெரிக்கா கைகழுவிய பசிபிக் வணிக ஒப்பந்தத்தை, மீதிப் பதினொரு நாடுகளையும் பிடித்துவைத்து நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஜப்பானுடையது. அமெரிக்கா எழுந்துபோன மேசையில் ஜப்பான் உட்கார்ந்து வேலையை முடித்துக் காட்டியது, எனக்கு 43 லட்சம் கோடியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த வலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கப்பல் போதும். தென்சீனக் கடலில் சபினா திட்டு அருகே 2024இல் சுமார் ஐந்து மாதம் நங்கூரமிட்டு நின்ற பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் கப்பல் தெரேசா மக்பானுவா, ஜப்பானியக் கடனில் ஜப்பானில் கட்டியது. துப்பாக்கி தூக்கிய ஒரு ஜப்பானியரும் அங்கே இல்லை. அந்தத் திட்டைக் காலிசெய்ய வைக்க நினைத்த சீனக் கப்பல்களுக்கு எதிரே நின்றது என்னவோ ஜப்பானின் உதவிதான்.

இது கேட்டதும் கிடைத்த இடம் இல்லை. 1974 ஜனவரியில் தனாகா ஜகார்த்தாவுக்குப் போனபோது ஊரில் கலவரம் வெடித்து ஜப்பானியக் கார்கள் எரிந்தன. 1977இல் பிரதமர் ஃபுகுதா மணிலாவில், இனி ராணுவ வல்லரசாக மாட்டோம், மனதோடு மனம் பேசும் உறவு வைப்போம் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு ஆண்டாண்டாகப் பாலம், துறைமுகம், மெட்ரோ ரயில். எந்தப் பெரிய நாட்டை அதிகம் நம்புகிறீர்கள் என்று சிங்கப்பூர் ஆய்வு நிறுவனம் ஒன்று தென்கிழக்கு ஆசியாவில் ஆண்டுதோறும் கேட்கும்போது, ஜப்பான்தான் தொடர்ந்து முதலில் வருகிறது. அதன் வேர் இன்னும் பின்னால், 1951 மாநாட்டிலேயே இருக்கிறது. இலங்கையின் நிதியமைச்சராக வந்திருந்த ஜெயவர்தன, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, எங்களுக்கு நஷ்டஈடு வேண்டாம் என்றார். 2022இல் இலங்கை கடனில் மூழ்கியபின், கடன் கொடுத்த நாடுகளின் குழுவை இந்தியா, பிரான்சோடு சேர்ந்து ஜப்பான் முன்னின்று நடத்தியது.

நான்காவது வழியில் ஓட்டை இல்லையா என்றால், பெரிய ஓட்டையே இருக்கிறது. வலையில் உள்ள யாரும் ஜப்பானுக்காகப் போரிட வாக்குக் கொடுக்கவில்லை. 2024இல் ஷிகெரு இஷிபா ஆசியாவுக்கும் ஒரு நேட்டோ வேண்டும் என்று எழுதினார். அப்படிப்பட்ட அமைப்பு எங்கள் மனதில் இல்லை என்று ஜெய்சங்கர் நேராகவே சொன்னார். பிரதமரான பிறகு இஷிபாவும் அதை எடுக்கவில்லை. 2025இல் இந்தியா நடத்த வேண்டிய குவாட் உச்சிமாநாடு, அந்த ஆண்டு முடியும்வரை நடக்கவில்லை. அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்ட ஆண்டு அது. தென் கொரியாவோடு 2023இல் கேம்ப் டேவிட்டில் போட்ட முடிச்சும், சியோலில் ஆட்சி மாறும்போதெல்லாம் பழைய காலனிக் காயங்களால் தளரக்கூடியது. கொழும்பு துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்கு 2019இல் இலங்கை, இந்தியா, ஜப்பான் மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டை 2021இல் கொழும்பே கைவிட்டது. வலை விழுந்த இடமெல்லாம் மீன் சிக்கிவிடாது.

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படித் தோன்றுகிறது. நாளைக் காலை ஏவுகணை வந்தால் முதல் வழிதான் காப்பாற்றும், நான்காவது காப்பாற்றாது. நாளை மறுநாள் வாஷிங்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் முதல் வழி வெறுங்கையோடு நிறுத்தும், நான்காவது கொஞ்சமாவது தாங்கும். அண்டை நாடுகளின் கண்ணில் முதல் வழி ஜப்பானை அமெரிக்காவின் நிழலாக்குகிறது, நான்காவது ஜப்பானாகவே காட்டுகிறது. ஆனால் ஒன்று, குடை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மணிலாவும் கான்பராவும் டோக்கியோவோடு முடிச்சுப் போடுகின்றன. கூட்டணி போய்விட்டால் வலை அன்றைக்கே தளர்ந்துவிடும்.

அதனால் என் ஓட்டு, முதல் வழியைத் தரையாக வைத்துக்கொண்டு அதன் மேல் நான்காவதைக் கட்டுவதற்கு. பணத்தைக் கூட்டுவதானால் டொமஹாக்கை விடக் காவல் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் முதலில் கூட்டலாம். டோக்கியோவில் யார் பிரதமராக இருந்தாலும் பெய்ஜிங்கோடு ஒரு தொலைபேசி வேலை செய்ய வேண்டும். 2027 பேரத்தில் டிரம்ப் கேட்கும் தொகையைக் கண்டு அலறுவதற்குப் பதில், 6ஆவது பிரிவை மேசையில் வைத்து, முன்கூட்டிக் கலந்துபேசும் உரிமையை உண்மையில் நடப்பதாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதிகப் பணம் கொடுத்தாலும் அதற்கு ஈடாக வாங்க வேண்டியது அதுதான்.

நான் சொன்ன வழியிலும் ஒரு கணக்கு நேராகவில்லை. ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா வெறும் 0.6 சதவீதம். அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கேதான். ஊர் நடுவில் உள்ள ஃபுடென்மாவைத் திருப்பித் தருவதாக 1996இல் ஒப்புக்கொண்டார்கள், இன்னும் தரவில்லை. மாற்றுத் தளத்துக்காக அதே மாகாணத்தின் ஹெனோகோ கடலை நிரப்பப் போகிறார்கள் என்றபோது, 2019இல் மாகாணம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் ஆளுநரின் அதிகாரத்தை டோக்கியோவே கையில் எடுத்து அனுமதி கொடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே, ஹெனோகோவை ஒட்டி, அடிமண் இளகிக் கிடக்கும் ஓரா விரிகுடாவில் கல் கொட்டத் தொடங்கினார்கள்.